இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: எந்த எண்ணை எடுப்பது?

வரைபடப்பிரியன்:

எல்லாருக்கும் வணக்கம். விமான நிலைய ஜோடிகளுக்குத் தூரமும் பறக்கும் நேரமும் போட்டு ஒரு பெரிய அட்டவணை தயார் செய்துகொண்டிருக்கிறேன். எளிய வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன், முதல் ஜோடியிலேயே நின்றுவிட்டது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு தளம் 5,540 என்கிறது, இன்னொன்று 5,554, வேறொன்று 5,570, அப்புறம் 3,451 என்று ஒன்று, 2,999 என்று ஒன்று. நேரம் இதைவிட மோசம். ஒரு கணிப்பான் ஆறே கால் மணி நேரம் என்கிறது, டிக்கெட்டில் போகும்போது கிட்டத்தட்ட எட்டு, வரும்போது ஏழு. தூரம் ஒன்றுதானே, போகவும் வரவும் எப்படி ஒரு மணி நேரம் வேறுபடும்? எந்தத் தூரத்தை எழுதுவது, எந்த நேரத்தை எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குறுக்குவழி வேண்டாம், காரணத்தோடு வேண்டும்.

கோடும்கோணமும்:

தூரத்தை மட்டும் நான் சொல்கிறேன், நேரத்துக்கு வேறு யாராவது வருவார்கள்.

நீங்கள் கொடுத்த ஐந்து எண்களில் பொய் ஒன்றுகூட இல்லை. 3,451 என்பது சாதாரண மைல், 2,999 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு சாதாரண மைல் 1.609 கி.மீ. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 5,554-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். விமானத் துறையில் தூரம் என்றாலே கடல் மைல்தான், அதனால் அலகு எழுதாமல் விட்ட தளங்களில் இந்தக் குழப்பம் வருகிறது.

5,540-க்கும் 5,554-க்கும் உள்ள வித்தியாசம் பூமியின் உருவத்தைப் பற்றியது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்து ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் 5,540 வரும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது, நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் 5,554 கிடைக்கும். உருண்டைக் கணக்கில் பிழை ஏறக்குறைய அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும், ஆனால் நீங்கள் எல்லா ஜோடிகளுக்கும் எழுதப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதை எடுங்கள். வின்சென்டி 1975-இல் கொடுத்த முறை பரவலாகப் பயன்படுகிறது, ஆனால் பூமியின் நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும் ஜோடிகளுக்கு, உதாரணமாக மாட்ரிட் – வெலிங்டன் போல ஏறக்குறைய 20,000 கி.மீ. தள்ளி இருப்பவற்றுக்கு, அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. ஜியோகிராஃபிக்லிப் என்ற இலவச நிரல்தொகுப்பில் அந்தச் சிக்கல் இல்லை, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

5,570 என்பது பெரும்பாலும் ஊர் மையத்திலிருந்து ஊர் மையம். உங்கள் வேலைக்கு அது ஆகாது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, அந்த அட்சரேகை தீர்க்கரேகையைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கவனம்: 51 பாகை 28 நிமிடம் என்பதை 51.28 என்று எழுதிவிடுவார்கள், சரியான எண் 51.467. அந்த ஒரு தவறிலேயே 20 கி.மீ. ஓடிவிடும். அதேபோல மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட மறக்கக் கூடாது. ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு அரைப் பாகைகூட மேற்கே இல்லை, ஆனாலும் குறி மாறினால் விமான நிலையம் 60 கி.மீ.க்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது.

ஜன்னலோரம்:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரிதான் நண்பரே, ஆனால் அந்தக் கோட்டில் எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லையே! விமானங்களின் பாதையைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் ஒரு பாதை, எல்லாமே பெருவட்டக் கோட்டைவிட, அதாவது பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டைவிட, நீளம். அப்படியானால் உண்மையான தூரம் பறந்த தூரம்தானே? அதை விட்டுவிட்டு, யாரும் போகாத ஒரு கோட்டின் நீளத்தை ஏன் எழுத வேண்டும்?

இன்னொன்று, வரைபடத்தில் பார்த்தால் இந்த விமானங்கள் வடக்கே வளைந்து போகின்றன. நேராகப் போனால் கிட்டமாக இருக்காதா என்று பலரும் கேட்கிறார்கள், அதையும் யாராவது விளக்கிவிடுங்கள்.

கோடும்கோணமும்:

இரண்டாவதற்கு முதலில் பதில். வளைவது வரைபடம், விமானம் அல்ல. நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் 1569-இல் கடலோடிகளுக்காக வரையப்பட்டது, திசைகாட்டியின் ஒரே கோணத்தில் போகும் பாதை அதில் நேர்கோடாகத் தெரியும். அந்த 'நேர்கோட்டில்' ஜேஎஃப்கே – ஹீத்ரோ போனால் சுமார் 5,760 கி.மீ. ஆகிறது, பெருவட்டத்தில் 5,540. இரண்டும் அதே உருண்டையில் போட்ட கணக்குதான். இருநூறு கி.மீ.க்கு மேல் மிச்சம். ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு இடத்துக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் இது கண்ணுக்கே தெரிந்துவிடும். சான்டியாகோ – சிட்னி ஜோடிக்குச் செய்து பாருங்கள், நூல் அண்டார்டிகா பக்கம் இறங்கும்.

முதல் கேள்விக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பறந்த தூரம் அந்த விமானத்தின் அன்றைய செய்தி. விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது அந்த இரண்டு புள்ளிகளின் குணம், அது மாறாமல் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கலக்கினால் அட்டவணை கெட்டுவிடும்.

திசைமாறி:

நான் விமானப் பயணத் திட்டமிடல் வேலையில் இருப்பவன், டிஸ்பாட்ச் என்று சொல்வார்கள். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் நேரத்தைப் பேச வேண்டுமென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு தூரம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

விமானம் தரையை நம்பிப் பறக்கவில்லை, காற்றை நம்பிப் பறக்கிறது. ஓடும் ஆற்றில் படகு போவது மாதிரிதான், துடுப்பு தள்ளுவது தண்ணீரை, கரையை அல்ல. 35,000 அடியில் போயிங் 787, ஏ350 போன்றவை ஒலிவேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகும், அது ஏறக்குறைய மணிக்கு 900 கி.மீ. அகலம் குறைந்த சிறிய விமானங்களான 737, ஏ320 வகை 0.78-ல், ஏறக்குறைய 830. இது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தால், கிழக்கே போகும் விமானம் தரையில் 1,000 கி.மீ. கடக்கும், மேற்கே போவது 800-தான் கடக்கும். நடு அட்சங்களில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, குளிர்காலத்தில் இந்த 100 எல்லாம் மிகச் சாதாரணம், இருநூறு முந்நூறும் வரும். உங்களுக்குப் போக எட்டு, வர ஏழு என்று தெரிந்ததற்கு இதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் நேரத்தில் ஒரு 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அதைப் பார்த்து ஒலியைவிட வேகமாகப் பறந்தது என்று பலர் எழுதினார்கள், தவறு. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் இருந்தது. உண்மையிலேயே ஒலியைத் தாண்டிய கான்கார்ட் 1996-இல் இதே வழியை 3 மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்தது.

இப்போது ஜன்னலோரம் கேட்டதற்கு வருகிறேன். பாதை ஏன் தினமும் மாறுகிறது என்றால், நாங்கள் குறுகிய தூரத்தைத் தேடுவதில்லை, காற்றைப் பொறுத்து விமானம் கடக்கும் தூரம் எதில் குறைவோ அந்தப் பாதையைத் தேடுகிறோம், நான் சொன்ன மூன்றாவது தூரம் இதுதான். கிழக்கே போகும்போது ஜெட் ஸ்ட்ரீமின் முதுகில் ஏறிக்கொள்வதற்காகத் தரையில் 200 கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் லாபம், மேற்கே போகும்போது அதைத் தவிர்க்க வடக்கே ஒதுங்கினால் லாபம். வட அட்லாண்டிக்கில் இதற்காகவே கனடாவின் கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு மையமும் பிரிட்டன் – அயர்லாந்துப் பக்கத்து ஷேன்விக் மையமும் அன்றைய காற்றைப் பார்த்து நாளுக்கு இரண்டு முறை பாதைகளை வரைந்து வெளியிடுகின்றன, பகலில் மேற்கே, இரவில் கிழக்கே. ஆகவே பறந்த தூரத்தை நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஏமாற்றிவிடும். அதிக தூரம் பறந்த விமானம் முன்னால் வந்து சேரும் நாட்கள் நிறைய உண்டு.

புதுப்பயணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு இறங்கும் இடம் எதிரே வருமே, அதுதானே சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்? நடப்பது நேர்மாறாக இருக்கிறதே!

திசைமாறி:

நல்ல கேள்விதான், இதற்கு மன்னிப்பு எதற்கு. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, புறப்படும்போது விமானமும் அந்த வேகத்தோடுதான் கிளம்புகிறது. அதனால் சுழற்சி நேரடியாக ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆனால் மறைமுகமாகப் பங்கு இருக்கிறது. நடுக்கோட்டுச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தால் மேலே காற்று துருவத்தை நோக்கி நகரப் பார்க்கிறது, பூமி சுழல்வதால் அது கிழக்கே திருப்பப்படுகிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். சுழற்சி இல்லாவிட்டால் அந்தக் காற்றாறே இல்லை.

இது வட பாதியில் மட்டும் நடப்பதல்ல. ஜோகன்னஸ்பர்க் – சிட்னி சுமார் 11,000 கி.மீ., கிழக்கே போக ஏறக்குறைய 12 மணி நேரம், திரும்பி வர 14. நான் பார்த்தவற்றில் இரு திசைக்கும் இவ்வளவு வித்தியாசம் உள்ள ஜோடிகள் குறைவு.

கணக்குப்பிள்ளை:

இதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுவோம், சராசரி சமமாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. 5,540 கி.மீ., விமான வேகம் 905 என்று வையுங்கள். காற்று இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 6 மணி 7 நிமிடம், போய் வர 12 மணி 14 நிமிடம். 100 கி.மீ. காற்று அடித்தால் பின்காற்றில் 5 மணி 31 நிமிடம், எதிர்க்காற்றில் 6 மணி 53 நிமிடம், கூட்டினால் 12 மணி 24 நிமிடம். பத்து நிமிடம் போனது போனதுதான். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அது அடிக்கும் நேரமும் அதிகம். காற்று பலமாக ஆக இந்த நஷ்டம் வேகமாக வளரும்.

நேரத்துக்கு என் வழி இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டு. பெரும்பாலான ஜோடிகளுக்கு இது போதும்.

திசைமாறி:

அரை மணி நேரம் கூட்டுவது சரியான யோசனை, ஆனால் அது எதற்கு என்று தெரிந்துகொண்டு கூட்ட வேண்டும்.

விமானம் எழுந்தவுடன் முழு வேகத்துக்குப் போவதில்லை. உயரத்துக்கு ஏறவே இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல், வேக வரம்பு இருக்கிறது. இறங்குவதற்கு ஏறக்குறைய 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடும், ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது பைலட்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. அப்புறம் ரன்வே எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதற்கேற்பச் சுற்றி வர வேண்டும், நெரிசல் இருந்தால் ஹோல்டிங்கில் வட்டமடிக்க வேண்டும். இவையெல்லாம் 500 கி.மீ. பயணத்துக்கும் உண்டு, 10,000 கி.மீ. பயணத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. அதனால்தான் குறுகிய வழியில் சராசரி வேகம் பரிதாபமாக இருக்கும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே சேவை 2.7 கி.மீ.தான், ஷெட்யூலில் இரண்டு நிமிடம், காற்று ஒத்துழைத்து 53 விநாடியில் முடிந்ததும் உண்டு. மறுமுனையில் சிங்கப்பூர் – ஜேஎஃப்கே 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கும் அதிகம். ஒரே சூத்திரத்தில் இரண்டையும் அடைக்க முடியாது.

இன்னும் முக்கியமானது: டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. அது பிளாக் டைம், கேட்டிலிருந்து சக்கரம் நகர்ந்ததிலிருந்து மறு கேட்டில் சக்கரம் நிற்கும் வரை. டாக்ஸி, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போவது, ரன்வேக்கு முன்னால் வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் வரும். பெரிய விமான நிலையங்களில் அதுவே இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரத்தைத் தாண்டும். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தை மெத்தையாக வைத்துக்கொள்ளும், 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கில் வருவதால். உங்கள் கணிப்பான் சொன்ன ஆறே கால் மணி நேரம் காற்றில்லாத நடுவான நேரம். டிக்கெட்டில் உள்ள எட்டு மணி நேரம் எதிர்க்காற்றும் டாக்ஸியும் மெத்தையும் சேர்ந்தது.

நெடுவழி:

காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், அரசியலை விட்டுவிட்டீர்கள். ஹெல்சிங்கி – டோக்கியோ நரிட்டா சுமார் 7,800 கி.மீ., ரஷ்யாவுக்கு மேலே ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் அந்த வான்வெளி மூடியபின் வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ போக வேண்டியதாகி 13 மணி நேரம் ஆனது. தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை! பழைய பனிப்போர்க் காலத்திலும் இதே கதைதான், 1957-இல் கோபன்ஹேகன் – டோக்கியோ சேவை அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகத்தான் தொடங்கியது.

மலையும் தடுக்கும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது 14,000 அடிக்கு மேல். கேபினில் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே இறங்க இடமில்லை, பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி சில நிமிடங்களுக்குத்தான். அதனால் தப்பும் வழி திட்டமிட்ட சில பாதைகளைத் தவிர அந்தப் பக்கம் போக மாட்டார்கள். கடலிலும் இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்ற எடாப்ஸ் விதி உண்டு. ஒரு காலத்தில் 60 நிமிடம், 1985-இல் 120 நிமிடம் கிடைத்தபின்தான் அட்லாண்டிக்கில் இரட்டை எஞ்சின்கள் பெருகின. இப்போது ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருப்பதால் இந்த விதியால் பாதை வளைவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஜன்னலோரம்:

சரி, பெருவட்டத் தூரத்தைத் தனியாக வைக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், வேறு எங்காவது அந்த எண் நடைமுறையில் பயன்படுகிறதா? யாரும் பறக்காத தூரத்தால் பயணிக்கு என்ன?

நெடுவழி:

பணம்! ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு தூரத்தை வைத்துத்தான்: 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் பெரும்பாலும் 600. அந்தத் தூரம் பெருவட்ட முறையில்தான் அளக்கப்பட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இடையில் விமானம் மாறிப் போனவர்கள் இரண்டு கட்டத் தூரத்தையும் கூட்டி 600 கேட்பார்கள், அது செல்லாது. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, முதலில் புறப்பட்ட இடத்துக்கும் கடைசியில் இறங்கும் இடத்துக்கும் நேரடிப் பெருவட்டத் தூரம், அவ்வளவுதான்.

கார்பன் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் கணிப்பான் பெருவட்டத் தூரத்தை எடுத்து, 550 கி.மீ.க்குக் குறைந்தால் 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. கூட்டிக்கொள்கிறது, சுற்றிப் போவதற்காக. நீங்கள் கேட்ட பறந்த தூரத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த சமாதானம் அது.

வரைபடப்பிரியன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி, நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. தூரத்துக்கு டபிள்யூஜிஎஸ்-84, கிலோமீட்டரும் கடல் மைலும் இரண்டும். நேரத்துக்கு இரு திசைக்கும் தனித்தனிப் பத்தி. ஷெட்யூலில் இருக்கும் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்து எடுக்கலாம் என்று பார்த்தேன், ஆக்லாந்து – லாஸ் ஏஞ்சலஸுக்குக் கழித்தல் குறியோடு விடை வருகிறது!

கணக்குப்பிள்ளை:

வரத்தான் செய்யும், அங்கே புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய் இறங்குவீர்கள். நியூசிலாந்துக் குளிர்காலத்தில் இரண்டுக்கும் 19 மணி நேர வித்தியாசம், பறப்பது 12 மணி நேரம், ஆக உள்ளூர்க் கடிகாரப்படி ஏழு மணி நேரம் முன்னால். அவர்களின் கோடையில் வித்தியாசம் 21 ஆகிவிடும். இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசி-க்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள், தேதியோடு சேர்த்து. மாற்றும்போது முழு மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள், இந்தியா ஐந்தரை, நேபாளம் ஐந்தே முக்கால். கோடை நேர மாற்றம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வருவதும் இல்லை, சில நாடுகளில் இல்லவே இல்லை. கையால் கூட்டல் கழித்தல் போடாமல் எல்லா நாடுகளின் நேர விதிகளும் உள்ள ஐஏஎன்ஏ நேர மண்டலத் தரவைப் பயன்படுத்துங்கள்.

என் 850 சூத்திரத்தைப் பற்றித் திசைமாறி சொன்னதை வைத்து ஒன்று செய்யலாம். ஒரே வகை விமானம் ஓடும் பல ஜோடிகளின் பிளாக் டைமை எடுத்து, தூரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்து, கிழக்குக்கு ஒரு கோடு, மேற்குக்கு ஒரு கோடு, வடக்கு – தெற்குக்கு ஒரு கோடு போடுங்கள். கோட்டின் சரிவு வேகத்தைத் தரும், தொடக்கப் புள்ளி டாக்ஸியும் ஏற்ற இறக்கமும் தின்னும் நேரத்தைத் தரும். நேரடி விமானமே இல்லாத ஜோடிக்கும் அதிலிருந்து நம்பத்தகுந்த எண் கிடைக்கும்.

திசைமாறி:

நல்ல வழி. ஒரே ஒரு திருத்தம், பருவத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். விமான ஷெட்யூல் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும், அதே வழிக்குக் குளிர்காலத்தில் மேற்கு நோக்கிய பிளாக் டைம் கூடியிருக்கும். இரண்டு பருவத்தையும் கலந்து கோடு போட்டால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கைக்கு வரும். நேரப் பத்தியின் தலைப்பில் பிளாக் டைம் என்றும் எந்தப் பருவம் என்றும் எழுதிவிடுங்கள், தூரப் பத்திக்கு அது தேவையில்லை.